வரலாறு தெரிந்த ஊர்தான் விலை பேசும்!

ஓசூரில் தொழிலாளர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத உறவுகளுக்காக முழுமையாக இங்கே பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.

அன்பார்ந்த ஓசூர், கிருஷ்ணகிரி பெருமக்களே! தாய்மார்களே! ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்து நிற்கிற தம்பிகளே, தங்கைகளே! 

ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நம்ம ஊருக்கு வரலாறு என்ன?

போன வாரம் ஒரு டீக்கடையில நாலு பேர்கிட்ட இதைக் கேட்டேன். ஒரு தம்பி சொன்னான்: "என்னண்ணே வரலாறு? சிப்காட் வந்துச்சு, கம்பெனி வந்துச்சு, ஊர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இங்க வெறும் காடுதானே." அவனைக் குறை சொல்லல. ஊர் பேரே அப்படி இருக்கு. கன்னடத்துல ஓசூர்னா புது ஊர். பேரைக் கேட்டாலே நேத்து முளைச்ச ஊர்னு தோணும்.

இதே கேள்வியைத் தூத்துக்குடியில போய்க் கேட்டுப் பாருங்க. அதுவும் நம்மளை மாதிரி தொழில் ஊர்தான். துறைமுகம், உப்பளம், அனல் மின் நிலையம், ஆலை எல்லாம் இருக்கிற கடற்கரை ஊர். ஆனா அங்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாக்கூட, "1906-ல வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். 1908-ல கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. ஒன்பது நாள்ல சம்பள உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் வாங்கினாங்க"ன்னு சொல்லும். கப்பல் ஓட்டினவரும் அவர்தான், மில் வாசல்ல தொழிலாளி பக்கம் நின்னவரும் அவர்தான். அந்த ஊர்ல தொழிலும் வரலாறும் தொழிலாளியும் ஒரே கதைக்குள்ள இருக்காங்க.

நம்ம ஊர்ல அந்தக் கதையை யாரும் சொல்லிக் கொடுக்கல. அதனால என்ன நஷ்டம்னு கேட்பீங்க. நஷ்டம் இருக்கு. "நாங்க வந்ததாலதான் உனக்குச் சோறு"ன்னு ஒருத்தர் சொல்லும்போது, பதில் சொல்லத் தெரியாம நிற்கிறோம் பாருங்க, அதுதான் நஷ்டம். சந்தைக்குப் போற விவசாயிக்குத் தன் பொருளோட மதிப்பு தெரியணும். தெரியலைன்னா அடுத்தவன் சொன்னதுதான் விலை. ஊருக்கும் அதே கதைதான்.

அதனால இன்னைக்கு நம்ம ஊரோட மதிப்பைக் கொஞ்சம் பேசுவோம்.

இரும்பு நமக்குப் புதுசு இல்ல

பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி தெரியும்ல? அதுக்குப் பக்கத்துல மயிலாடும்பாறைன்னு ஒரு இடம். அங்க தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கிடைச்ச மாதிரிகளை அமெரிக்காவுல இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காலத்தைக் கணிச்சாங்க. வந்த முடிவு கி.மு. 2172. அதாவது ஏறக்குறைய 4,200 வருஷத்துக்கு முன்னாடியே இந்த மண்ணுல இருந்தவங்களுக்கு இரும்பு தெரிஞ்சிருக்கு. 2022 மே மாதம் முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். அப்போது தமிழ்நாட்டிலேயே மிகப் பழைய இரும்பு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து இரும்புதான். பிறகு 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பு அதைவிடவும் பழையது, கி.மு. 3345 என்று அறிவிப்பு வந்தது. முதலிடம் நமக்கா தூத்துக்குடிக்கா என்பது இல்ல விஷயம். கடலோரத்து ஊரும் மலை மேட்டு ஊரும் சேர்ந்துதான் இரும்போட வரலாற்றையே திருத்தி எழுத வெச்சிருக்கு.

இப்ப சொல்லுங்க. இன்னைக்கு லேத்துலயும், வெல்டிங்லயும், அசெம்ப்ளி லைன்லயும் நிற்கிற நம்ம பையன் யாருடைய பேரன்? இரும்பை உருக்கத் தெரிஞ்சவனோட பேரன். "ஸ்கில் இல்லாத ஊர்"னு இந்த மண்ணைச் சொல்ல யாருக்கு அருகதை இருக்கு?

இன்னும் இருக்கு. சூளகிரி பக்கம் மல்லச்சந்திரம் போய்ப் பாருங்க. பாறை மேட்டுல பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேல ஒரு கல்லை மூடி வெச்ச கல்திட்டைகள் கூட்டம் கூட்டமா நிற்குது. கிரேன் இல்லாத காலம், ஹைட்ராலிக் இல்லாத காலம். ஆள் பலமும் கணக்கும் மட்டும் வெச்சுத் தூக்கி நிறுத்தினது. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில பாறையில வெள்ளை நிற ஓவியங்கள் இருக்கு.

நடுகல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த மாவட்டத்துல ஏரிக்கரை, வயல்வரப்பு, கோயில் வாசல்னு எங்க பார்த்தாலும் நடுகல். அதுல நிறைய மாட்டுக் கூட்டத்தை மீட்கப் போய் உயிர் விட்டவங்களுக்கு ஊர்க்காரங்க எடுத்த கல். கோயில் கட்டினவனுக்கும் அரண்மனை கட்டினவனுக்கும் மட்டும்தான் கல்வெட்டுன்னு நினைக்காதீங்க. ஊர் மாட்டைக் காப்பாத்தின சாதாரண மனுஷனுக்கும் கல் எடுத்த மண் இது. உழைச்சவனை மறக்காத மண்.

நம்ம சந்திரசூடேஸ்வரர் மலையை எல்லாரும் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீங்க. ஊருக்கு ஓசூர்னு பேர் வர்றதுக்கு முன்னாடி செவிடபாடின்னு இருந்த பேரைப் பழைய கல்வெட்டுகள் சொல்லுது. பேர்தான் புதுசு. ஊர் புதுசு இல்ல.

உங்க வீட்டுப் பட்டா எங்கிருந்து வந்தது?

அடுத்து ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பீரோவுல பத்திரமா வெச்சிருக்கோமே பட்டா, அந்த முறைக்கும் நம்ம பகுதிக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

கிருஷ்ணகிரிப் பகுதிக்குப் பழைய பேர் பாரமகால். திப்பு சுல்தானோட ஆட்சியில இருந்தது. 1791-ல ஆங்கிலேயப் படை ராயக்கோட்டையைப் பிடிச்சது. 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாரமகால் கம்பெனி கைக்குப் போச்சு. 1799-ல திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் போச்சு. பாரமகாலை நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளரா வந்தவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரை நடுவுல வைக்காம, நிலத்தை அளந்து, உழவன் பேர்லயே பதிஞ்சு, அவன்கிட்டயே வரி வாங்குற ரயத்துவாரி முறையை இவங்க இங்கதான் சோதிச்சுப் பார்த்தாங்க. பிறகு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவுச்சு.

அவங்க நல்லவங்க என்று நான் சொல்ல வரல. வரி வசூலுக்குத்தான் செஞ்சாங்க. ஆனா ஒரு விஷயத்தை மனசுல வையுங்க. "இந்த நிலம் இன்னார் நிலம்"னு உழவனோட பேரை எழுதி வெக்கிற முறை வளர்ந்த மண்ணுலதான், இன்னைக்கு அதே உழவன் தன் நிலத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசல்ல மனுவோட நிற்கிறான். இதை மறந்துட்டுத் தொழில் வளர்ச்சி பற்றிப் பேச முடியாது.

மாடு, குதிரை, மொபெட்

மத்திகிரி கால்நடைப் பண்ணை தெரியாத ஓசூர்க்காரர் கிடையாது. 1824-ல ஆரம்பிச்சது. 1,600 ஏக்கருக்கு மேல. முதல்ல ராணுவத்துக்குக் குதிரை தயார் பண்ணின இடம். பிறகு மாட்டுப் பண்ணை ஆச்சு. குளிர்ந்த ஊர்ங்கறதால வெள்ளைக்காரன் இதை "லிட்டில் இங்கிலாந்து"ன்னு கூப்பிட்டான். இந்த ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியிலதான் 1878-ல ராஜாஜி பிறந்தார். கவர்னர் ஜெனரல் பதவியில உட்கார்ந்த ஒரே இந்தியர். அவரோட அரசியலோட நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனா முன்சீப் வீட்டுப் பையன் ஒருத்தன் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சு டெல்லி வரைக்கும் போனதும் நம்ம ஊர் வரலாறுதான்.

அப்புறம் ரயில். இதைக் கேட்டா உங்களுக்குக் கோபம் வரும். 1905-ல திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடுச்சு. 1906-ல மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த ரயில் 1913-ல ஓசூர் வரைக்கும் நீண்டுச்சு. பஞ்சக் காலத்துல தானியம் கொண்டு வரணும்னு போட்ட சின்னப் பாதைகள். இரண்டாம் உலகப் போர் காலத்துல ரெண்டையும் மூடிட்டாங்க. ஓசூருக்குப் பிறகு பெங்களூரு–சேலம் பாதை வந்துச்சு. ஆனா கிருஷ்ணகிரி நகரத்துக்கு? 2004-ல மாவட்டத் தலைநகரம் ஆயிடுச்சு, இன்னும் ரயில் நிலையம் இல்ல. தாத்தா ரயில் ஏறின ஊர்ல பேரன் பஸ் ஸ்டாண்டுல நிற்கிறான். இது தெரியாதவன் "ரயில் கொடுங்க"ன்னு சலுகை கேட்பான். தெரிஞ்சவன் "எங்க ரயிலைத் திருப்பிக் கொடுங்க"ன்னு உரிமையோட கேட்பான். வரலாறு படிக்கிறதால என்ன பிரயோஜனம்னு கேட்டீங்களே, இதுதான்.

கம்பெனி தானா வரல, அரசு கூட்டிட்டு வந்தது

இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கதைக்கு வர்றேன். 1971-ல சிப்காட் நிறுவனம் உருவாச்சு. பின்தங்கிய பகுதிக்குத் தொழில் போகணும்னு திட்டம் போட்டு, ஓசூர்ல நிலத்தை எடுத்து, ரோடு, தண்ணி, கரண்ட் கொடுத்தாங்க. பக்கத்துலயே பெங்களூரு இருந்தது வசதி. எண்ணூர் கடற்கரையில 1948-ல ஆரம்பிச்ச அசோக் லேலண்ட், 1980-ல ஓசூருக்கு வந்தது. அதே 1980-ல நம்ம ஓசூர்லேர்ந்து டிவிஎஸ் 50 வெளிய வந்தது. பால்காரர், பூக்காரம்மா, வாத்தியார், தபால்காரர், இளநீர் வியாபாரி எல்லாருக்கும் முதல் வண்டி அதுதான். இந்தியாவோட ஏழை வீட்டுக்கு எஞ்சின் கொடுத்த ஊர் நம்ம ஊர்.

1984-ல டைட்டன். இதுல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. டைட்டன் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. இன்னைக்கும் அதுல 27 சதவீதத்துக்கு மேல பங்கு டிட்கோ கையில இருக்கு. தனியா அதிகப் பங்கு வெச்சிருக்கிறது தமிழ்நாடு அரசு நிறுவனம்தான். அதாவது நீங்களும் நானும் கட்டின வரிப் பணம் அதுல இருக்கு. கிராமத்துப் பள்ளியில படிச்ச பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கண்ணுல லென்ஸ் மாட்டிக் கைக்கடிகாரம் செய்ய வெச்சாங்க. ஊசி முனை அளவு பாகத்தை நம்ம பிள்ளைங்க கை நடுங்காமப் பொருத்துச்சு.

அதனால "முதலாளி வந்தார், ஊர் பிழைச்சது"ன்னு யாராவது சொன்னா, மரியாதையாத் திருத்துங்க. முதலாளி வந்தார், சரி. நிலம் கொடுத்தவன் இங்கத்து விவசாயி. பணம் போட்டதுல மக்கள் பணமும் உண்டு. கை கொடுத்தது இங்கத்துப் பிள்ளைங்க. மூணும் சேர்ந்ததுதான் ஓசூர்.

ரோஜா நம்மளது, விமானம் அவங்களது

இன்னைக்கு நிலைமை என்ன? போச்சம்பள்ளியில ஓலா எலக்ட்ரிக் ஆலை, ஓசூர்ல ஏதர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகம் செய்யற டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை, குருபரப்பள்ளியில டெல்டா. பெட்ரோல் போய் பேட்டரி வந்தாலும் வண்டி நம்ம மாவட்டத்துலதான் தயாராகுது. சந்தோஷம். பெருமைப்படுவோம்.

ஆனா கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. கிருஷ்ணகிரி மாம்பழத் தோட்டத்துல அதிகம் விளையுற, கூழ் ஆலைக்குப் போற ரகம் எது? நம்ம மண்ணு, நம்ம தண்ணி, நம்ம வேர்வை. பேரு மட்டும் "பெங்களூரா". ஓசூர் ரோஜா பிப்ரவரி மாசம் வெளிநாட்டுக்குப் பறக்குது. ஏறுறது பெங்களூரு ஏர்போர்ட்டுல. ஆலை இங்க, தலைமை அலுவலகம் அங்க. பெங்களூருக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அங்க உழைக்கிறதுலயும் பாதி நம்ம ஆளுங்கதான். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவுல கோடு இருக்கலாம், தினம் காலையில அதைத் தாண்டுற லட்சக்கணக்கான கால்களுக்கு அது தெரியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவுல பேசற ஊர் நம்மளது. எந்த மொழிக்காரனையும் விரோதியாக்கி அரசியல் பண்ண இங்க இடம் கொடுக்காதீங்க. நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணு: விளைச்சல் இங்கன்னா, அதோட பலன்ல நியாயமான பங்கும் இங்க தங்கணுமா இல்லையா?

ஓசூர்ல 2,000 ஏக்கர்ல பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூன்ல சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளுற அளவுக்கு. நல்லது. ஆனா 2008-ல திறந்த பெங்களூரு விமான நிலையத்தோட ஒப்பந்தத்துல, 25 வருஷத்துக்கு 150 கிலோமீட்டருக்குள்ள போட்டி விமான நிலையம் வரக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கு. 2033 வரைக்கும். இதை நேரா மக்கள்கிட்ட சொல்லணும். சொல்லிட்டு, டெல்லிகிட்ட உறுதியாப் பேசணும்.

480 நாள் கணக்கு

இப்ப என் மனசை உறுத்துற விஷயத்துக்கு வர்றேன்.

என் அக்கா மகன் ஒருத்தன். ஐடிஐ முடிச்சான். ஒரு கம்பெனியில மூணு வருஷமா வேலை. எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம், எல்லா இடத்துலயும் இதுதான் கதை. இந்த மூணு வருஷத்துல அவன் நிற்கிற மெஷின் மாறல. செய்யற வேலை மாறல. அடையாள அட்டையில இருக்கிற ஒப்பந்தக்காரர் பேர் மட்டும் மூணு தடவை மாறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் அவன் "புது ஆளு". கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனா, "மாப்பிள்ளை பர்மனென்ட்டா?"ன்னுதான் முதல் கேள்வி. அவன் தலையைக் குனிஞ்சுக்கிறான். தலை குனிய வேண்டியது அவனா?

தமிழ்நாட்டுல 1981-லயே ஒரு சட்டம் போட்டாங்க. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரம் ஆக்கணும். சட்டம் புத்தகத்துல இருக்கு. 480 நாள் கணக்கு முடியாமப் பார்த்துக்கிற வித்தையும் நாட்டுல இருக்கு. பயிற்சியாளர்ங்கறது, ஒப்பந்தம்ங்கறது, நடுவுல பிரேக் விடறது. தம்பிகளே, தங்கைகளே, சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம், வருகைப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீங்க. போன்ல போட்டோ எடுத்து வையுங்க. நாளைக்கு உங்க 480 நாளுக்கு அதுதான் கல்வெட்டு.

கேட்டா கிடைக்குமான்னு சந்தேகப்படாதீங்க. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி செய்யற திருத்த மசோதா சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்னாங்க. மே தினத்தன்னைக்கு அது திரும்பப் பெறப்பட்டதா அறிவிப்பு வந்தது. 1908-ல கோரல் மில்லுல ஒன்பது நாள் ஆச்சு. இதுக்கும் ரொம்ப நாள் ஆகல. சேர்ந்து நின்னா நடக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006-ல ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைங்க கிராமத்திலிருந்து போய்ச் சேர்ந்தாங்க. 2014 நவம்பர் 1-ந்தேதி ஆலை மூடப்பட்டது. நம்ம பக்கத்துப் பெங்களூருல 1961-ல ஆரம்பிச்ச எச்.எம்.டி. வாட்ச், நாடே கட்டின கடிகாரம், 2016-ல மூட முடிவு ஆயிடுச்சு. எந்த ஆலையும் கோயில் மாதிரி ஆயிரம் வருஷம் நிற்காது. நிற்கப்போறது கையில இருக்கிற தொழில், ஊர்ல இருக்கிற தண்ணி, பேர்ல இருக்கிற நிலம். அதனாலதான் இந்த மூணையும் விடாதீங்கன்னு சொல்றேன்.

நுரை பொங்குற ஆறு

தண்ணின்னு சொன்னதும் கெலவரப்பள்ளி அணைதான் நினைப்புக்கு வரும். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக் கழிவையும் சேர்த்துக்கிட்டு நம்ம அணைக்கு வருது. மதகைத் திறந்தா வெள்ளை நுரை மலை மாதிரி. டி.வி.யில அதைப் "பனிமலை மாதிரி"ன்னு காட்டறாங்க. பக்கத்து வயல்காரனுக்கு அது பனியா? இந்த ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் தாண்டிக் கடலூர்ல கடல்ல சேருது. நாம ஆற்றுல விடறது கடலோரத்து மீனவன் வலையில போய் நிற்கும். மேல இருந்து வர்றதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. ஆனா நம்ம சிப்காட் கழிவும் சுத்தமா இருந்தாதான் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும்.

என்ன கேட்கிறோம்? நீங்க என்ன செய்யணும்?

நாலே நாலு கோரிக்கை.

ஒண்ணு. சிப்காட், விமான நிலையம், சாலை, லேஅவுட், கல்குவாரி எதுவா இருந்தாலும், பொக்லைன் இறங்குறதுக்கு முன்னாடி தொல்லியல் துறை அந்த நிலத்தை நடந்து பார்த்துப் பதிவு பண்ணணும். 4,200 வருஷத்து மண்ணை ஒரு நாள் சாயங்காலத்துல சமன் பண்ணிட முடியும். திரும்ப உண்டாக்க முடியாது.

ரெண்டு. நிலம் எடுக்கும்போது உழவர் சம்மதமும், சந்தை விலையும், வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலையும் எழுத்துல வேணும். முப்போகம் விளையுற நிலத்தைத் தொடவே கூடாது.

மூணு. அரசு சலுகை வாங்குற ஒவ்வொரு ஆலையும் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், எத்தனை பேர் இந்த மாவட்டத்துக்காரங்கன்னு வருஷா வருஷம் வெளியிடணும்.

நாலு. கிருஷ்ணகிரிக்கு ரயில். தென்பெண்ணைக்குச் சுத்தமான தண்ணி.

இது நாம அரசுகிட்டயும் ஆலைகள்கிட்டயும் கேட்கிறது. இனி உங்ககிட்ட நான் கேட்கிறது.

உங்க வயல்லயோ, ஏரிக்கரையிலயோ எழுத்து வெட்டின கல், வீரன் உருவம் இருக்கிற கல், பழைய பானை, இரும்புத் துண்டு எது கிடைச்சாலும் இடத்தை விட்டு நகர்த்தாதீங்க. பெயின்ட் அடிக்காதீங்க. ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க. போட்டோ எடுத்து, இடத்தைக் குறிச்சு, கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ, தாசில்தார்கிட்டயோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துலயோ சொல்லுங்க. மண்ணுக்குள்ள புதையல் கிடைச்சா மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும்னு 1878-லயே சட்டம் இருக்கு. "சொன்னா நிலத்தைப் பிடுங்கிடுவாங்க"ன்னு யாராவது பயமுறுத்தினா, எங்ககிட்ட வாங்க. கூட வந்து நிற்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மால் கூட்டிட்டுப் போறீங்க. சரி, போங்க. ஒரு ஞாயிறு மல்லச்சந்திரம் கூட்டிட்டுப் போங்க. ஒரு ஞாயிறு ராயக்கோட்டை ஏறுங்க. ஊர்ப் பெரியவங்ககிட்ட, சிப்காட் வர்றதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன விளைஞ்சதுன்னு கேட்டுப் போன்ல பதிவு பண்ணி வையுங்க. முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளிங்க ரிட்டயர் ஆகிட்டாங்க. அவங்க கதை எந்த ஆலையோட கணக்குப் புத்தகத்துலயும் இருக்காது.

கடைசியா, வடநாட்டிலிருந்து வந்து இங்க உழைக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் இந்த ஊர்க் கதையில ஒரு பக்கம்தான். உங்க கூலியைக் குறைச்சு எங்க கூலியைக் குறைக்கப் பார்க்கிறவங்களை ரெண்டு பேரும் சேர்ந்து அடையாளம் காண்போம்.

மாட்டைக் காப்பாத்தினவனுக்கே கல் எடுத்த ஊர் இது. மெஷின் முன்னாடி முப்பது வருஷம் நின்னவனை மறந்துட்டா, அந்த நடுகல் எல்லாம் நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். நம்ம மதிப்பு நமக்குத் தெரியட்டும். தெரிஞ்சா தலை நிமிரும். தலை நிமிர்ந்தவன்கிட்ட யாரும் அடிமாட்டு விலை பேச முடியாது.

காலையில ஷிஃப்ட் இருக்கிறவங்க நிறையப் பேர். பத்திரமா வீடு போய்ச் சேருங்க. 

உங்கள் ஊரில் நடுகல், கல்வெட்டு, பழைய கோட்டைச் சுவர் இருந்தால் படமும் ஊர்ப் பெயரும் கமெண்ட்டில் பதிவிடுங்கள். 480 நாள் சட்டம் பற்றி உங்கள் நண்பர்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

#ஓசூர் #கிருஷ்ணகிரி #மயிலாடும்பாறை #தொழிலாளர்உரிமை